தாய்மொழியை மறந்த நோய்

அண்ணி, இதை யாரிடமும் காட்டாதீர்கள். காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீங்கள் போயிருக்கும் இடத்தில் தமிழ் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருப்பார். அவரிடம் கொடுத்து, சின்னவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்க உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பாளரை நம்பி உங்களைத் தொலைத்தது போதும். மடித்துக் கெபாயாச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது நானே வந்து மலாயில் படித்துக் காட்டுகிறேன்.

விளக்குத் திரியை இறக்கி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமிக்கொண்டிருக்கிறார். அவர் இருமும்வரை எனக்குப் பயமில்லை. இருமல் நின்றால் கை தானாக நின்றுவிடுகிறது.

என் பாவாடையெல்லாம் உங்கள் அம்மா வீட்டுச் சாம்பிராணி மணம். இன்று போகி. அப்பா தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் பின்பக்கச் சந்து வழியாக உங்கள் செட்டிக் குடியிருப்பான கம்பத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து கை கழுவினேன், முகம் கழுவினேன், தலையில்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மணம் போகவில்லை. தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலும் சாம்பிராணியும் கலந்த மணம். நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் பெட்டியைத் திறந்தால் இதே மணம்தான் வரும்.

அப்போதெல்லாம் அப்பா அதைக் கேலி செய்வார். "செட்டி வீட்டு வாசனை வந்திருச்சு. பேயெல்லாம் சாப்பாட்டுக்கு வரும், பாத்திரம் எடுத்து வைங்க" என்பார். உங்களுக்குப் புரியாது. சிரித்தபடியே நிற்பீர்கள். எனக்கு அவர்மேல் முதல் வெறுப்பு வந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

உங்கள் வீட்டு வழக்கத்தை நான் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். போகியன்று இறந்தவர்களுக்கு இலை போட்டுப் பிடித்ததையெல்லாம் பரிமாறிவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். மறுபடி உள்ளே போகும்போது கதவை மூன்று முறை தட்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்மேல் திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது. "சொந்த வீட்டுக்குள்ளேயா தட்டிவிட்டுப் போவீர்கள்?" என்று கேட்டேன். "உள்ளே இருக்கிறவர்களுக்கும் அது சொந்த வீடுதானே, ஆடெக்" என்று மலாயில் சொன்னீர்கள். தங்கை என்று என்னைக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தீர்கள். என் அறைக்கு வந்தாலும் திறந்திருக்கும் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வருவீர்கள். இந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. அப்பா தள்ளிக்கொண்டு வருவார். அண்ணன் வெளியே நின்று கத்துவான். அம்மா இறந்தபின் நான் வளர்ந்த வீடு இப்படிப்பட்டது. தட்டிவிட்டு நுழையும் ஒருவர் வந்ததும், நானும் ஒரு மனுஷி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் உங்களை மாரியம்மன் திருவிழாவில் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நின்றபோது அப்பா முதலில் குதித்தார். பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். "என்ன இப்போ? கோயில் கட்டின பரம்பரை. பேரு தமிழ்ப் பேரு. நெத்தியில பொட்டு. தமிழ் தானா வந்துரும்." தமிழ் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிவரும் மலாக்காச் செட்டி வீட்டில் பிறந்தவருக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் எங்கிருந்து வரும்? அண்ணன் உங்களோடு மலாயில் பேசினான். நான் மலாயில் பேசினேன். அப்பாவே காப்பி வேண்டும், வெந்நீர் வேண்டும், சட்டைக்குக் கஞ்சி போட வேண்டும் என்றால் மலாயில்தான் கேட்பார். விருந்தாளிகள் வந்தால் மட்டும் உங்களைத் தமிழில் கூப்பிடுவார். நீங்கள் குரலை வைத்துக் காப்பியா தண்ணீரா என்று ஊகித்துக் கொண்டுவந்து வைப்பீர்கள். "பாத்தீங்களா, என் மருமக!" என்று அவர் நிமிர்ந்து உட்காருவார். சர்க்கார் ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. இருபது பேரை அதட்டுகிறவர். ஒரு காப்பியை வைத்து ஊரை ஏமாற்றி மகிழ்ந்தார்.

பிள்ளை பிறந்து அழாமல் போனபோது நீங்கள்கூட அழவில்லை. அதற்கு அப்புறம்தான் நீங்கள் தூங்காமல் போனது. சமைப்பீர்கள், துவைப்பீர்கள், திடீரென்று "வருகிறேன், வருகிறேன்" என்று எழுந்து ஓடி வாசல் கதவைத் திறப்பீர்கள். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுச் சாத்துவீர்கள். பால்காரர் பார்த்தார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி பார்த்தாள். தெருவே பார்த்தது. அப்பாவுக்கு நீங்கள் தூங்காதது பெரிதாகத் தெரியவில்லை. கதவு தெருப்பக்கம் திறந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சர்க்காருக்கு எங்கள் மனங்களின்மேல் திடீரென்று பாசம் வந்தது. அதுவரை புத்தி பேதலித்தவர்களை மாதா கோயில் படியிலும் மீன் மார்க்கெட்டிலும் பார்த்திருக்கிறோம். முற்றிப்போனால் போலீஸ்காரன் கயிறு போட்டுக் கொண்டுபோவான். இனிமேல் அப்படியில்லை என்றார்கள். யார் வேண்டுமானாலும் தாங்களாகவே வரலாம், வீட்டார் கூட்டிவரலாம், வெட்கப்படத் தேவையில்லை, மலாக்கா சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு அறை, வாரத்துக்கு ஒரு முறை தனி டாக்டர். பைத்தியம் என்ற வார்த்தையையே இனி யாரும் சொல்லக் கூடாதாம். மனநோய் என்று சொல்ல வேண்டுமாம்.

திறப்பு விழாவுக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். ஒரு துரை பேசினார். பேசியதைவிடக் கழுத்து மாலையில் வந்து உட்கார்ந்த வண்டை விரட்டியதே அதிகம். பழைய துணி மூட்டைகள் அடைத்துவைத்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெளியே பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சு. பெயிண்ட் காயவில்லை, ஒரு பெரிய மனிதரின் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. கதவுக்கு மேலே நான்கு மொழியில் பலகை. 'இக்கதவு யாவருக்கும் திறந்திருக்கும்.' தமிழ் வரியை எழுதியவர் எங்கள் அப்பா. அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாராட்ட வேண்டுமாம். அண்ணி, தெருக்கதவைத் திறந்ததற்காக வீட்டில் உங்களைத் திட்டிவிட்டு வந்த மனிதர் அவர்.

அந்த அறைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சங்கத்தின் பேரில் சர்க்காருக்கு மனுப் போட்டவரும் அவர்தான். நாம் இருக்கும் காஜா பெராங்கில் தமிழர் ஏராளம் என்று காட்ட வேண்டும். அதற்காக உங்கள் கம்பம் முழுவதையும் தமிழர் கணக்கில் சேர்த்துவிட்டார். உங்கள் அம்மா, மாமா, கோயில் பண்டாரத்துக்கு வெற்றிலை கொடுக்கும் கிழவி, எல்லோரும் தமிழ் மட்டுமே அறிந்தவர்களாம். அண்ணன் மெதுவாகக் கேட்டான். "அப்பா, அவங்க யாருக்கும் தமிழ் தெரியாதே?"

"கோயிலுக்கு வர்றவன் எல்லாம் தமிழன்தான்டா. சர்க்காருக்கு இதெல்லாம் விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா?"

மனு பலித்தது. அவருடைய சிநேகிதரின் மகனுக்கே வேலையும் கிடைத்தது. புதுக் கோட்டு, புது மூக்குக்கண்ணாடி. ஆற்றோரம் மீன்காரனோடு மலாயில் மல்லுக்கட்டி விலை குறைப்பதை நீங்களும் நானும் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்த அதே ஆள்.

பெஞ்சு காலியாக இருந்தது. முதல் வாரம் யாரும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. சர்க்காரிடம் சங்கத்தின் மானம் போகிறது என்று அப்பா தவித்தார். பிறகு ஒரு காலையில் சாப்பிடும்போது சொன்னார்: "ஊருக்கு வழி காட்டணும்னா நம்ம வீட்லருந்து ஆரம்பிக்கணும்." உங்களைப் பார்க்காமல், தோசையைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நீங்கள் சாரோங் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். "இதென்ன கோலம்? டாக்டர் முன்னாடி இப்படியா நிக்கிறது? அம்மா புடவையை எடுத்துக் கட்டிவிடு" என்று என்னிடம் சொன்னார். கட்டிவிட்டேன். உங்களுக்குப் புடவையில் நடக்க வராது. ரிக்‌ஷாவில் ஏறும்போது கால் தடுக்கியது. மொழிபெயர்ப்பாளர் பின்னால் டாக்டரிடம், நடை தள்ளாடுகிறது என்றுகூடச் சொன்னார்.

பெண் துணை வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். டாக்டர் சீமையிலிருந்து வந்து சில மாதம்தான். மலாய் ஒரு வார்த்தை தெரியாது. அவர் கெட்டவர் இல்லை, அண்ணி. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நல்ல கேள்விகள் கேட்டார். தூக்கம் வருகிறதா, வராவிட்டால் என்ன செய்கிறாய், மற்றவர்களுக்குக் கேட்காதது ஏதாவது உனக்குக் கேட்கிறதா, அது உன்னைப் பயமுறுத்துகிறதா என்று கேட்டார். இந்த வீட்டில் நாங்கள் யாரும் கேட்காத கேள்விகள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் கேட்டார். இந்தப் பக்கம் நீங்கள் காத்திருந்தீர்கள். நடுவில் நம் ஆள் கனைத்துக்கொண்டு, "அம்மணி, தாங்கள் இரவில் நித்திரை கொள்வதுண்டா?" என்றார். நாடகத்தில் ராஜா வேஷக்காரன் கேட்பது மாதிரி.

"தாக் பாஹாம்" என்றீர்கள். புரியவில்லை என்று. சின்னக் குரலில், மரியாதையாக.

மொழிபெயர்ப்பாளர் அப்பா பக்கம் குனிந்தார். "என்ன சார், மலாய்ல சொல்றாங்க?"

"கேளுப்பா, கேளு. வரும்."

"தங்கள் செவியில் ஏதேனும் ஓசைகள் புலப்படுகின்றனவா?"

"தாக் பாஹாம்."

"சார், நான் வேணா மலாய்லயே கேட்டுரட்டா? ஒரு நிமிஷ வேலை."

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். கேள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மனுவில் என்ன எழுதினார்? தமிழ் மட்டுமே அறிந்தவர்கள் என்றல்லவா எழுதினார்? தன் வீட்டு மருமகளுக்கே மலாய்தான் தெரியும் என்றால் துரை என்ன நினைப்பார்? "மலாய் ஆளுங்களுக்குத்தான் மலாய்ல கேக்கணும். உன்னை எதுக்கு வச்சிருக்காங்க?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த ஆளும் கோட்டைச் சரிசெய்துகொண்டார். தன் வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா? மன்னிக்கவும், அந்த வார்த்தை சொல்லக் கூடாது. மனநோயா?

நீங்கள் அப்பாவைப் பார்த்து மலாயில், "அப்பா, அவர் என்ன கேட்கிறார், சொல்லுங்கள்" என்றீர்கள். அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அதனால் நான் டாக்டரிடமே பேசினேன். கான்வெண்டில் படித்த இங்கிலீஷ் முழுவதையும் கூட்டிச் சேர்த்து, "ஐயா, அவருக்குத் தமிழ் தெரியாது. தயவுசெய்து மலாயில் கேளுங்கள்" என்றேன். டாக்டர் அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் ஆபீசுக்கென்று வைத்திருக்கிறார், வீட்டில் நாங்கள் கண்டதில்லை. "சின்னப் பெண், ஐயா. அண்ணிமேல் ரொம்பப் பாசம்" என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் என் தலையைத் தடவி மேஜை டிராயரிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அதை வாங்கித் தரையில் போட்டேன். பச்சைப் பெண், பயந்திருக்கிறாள் என்று அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது மொழிபெயர்ப்பாளர் டாக்டரிடம் சொன்னதை எழுத்து மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "இவள் தன் தாய்மொழியை மறந்துவிட்டாள், ஐயா. கடைத்தெரு மொழிதான் பேசுகிறாள்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களை உற்றுப் பார்த்தார். அதுவரை இரக்கம் மட்டும் இருந்த முகத்தில் ஆர்வம் வந்தது. பிள்ளை போன துக்கம் வேறு, தாய்மொழியையே மறப்பது வேறு, இது மனம் அடியோடு இடிந்துபோனதன் அடையாளம் என்று அப்பாவுக்கு விளக்கினார். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "எஸ் சார். எஸ் சார்."

அந்த அறையில் டாக்டரைத் தவிர எல்லோருக்கும் மலாய் தெரியும், அண்ணி. அப்பாவுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கதவருகே நின்ற பியூன் மலாய்க்காரரேதான். வெளியே பலகையில் மலாயில் எழுதியிருந்தது. எல்லாம் இருந்தது.

என்னவோ முடிவாகிவிட்டது என்று உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, முந்தானையைச் சரியாகப் போடத் தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நீங்களாகவே பேசினீர்கள். அதை இதுவரை நான் தமிழில் யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

"எனக்குப் பைத்தியம் இல்லை, ஐயா. என் பிள்ளை வெளியே நின்று கதவைத் தட்டுகிறது. பேர் வைக்கவில்லை என்று அதற்கு இலை போடமாட்டார்கள். அது எங்கே போய்ச் சாப்பிடும்? நான் தூங்கிவிட்டால் தட்டுவது கேட்காமல் போய்விடும். அதனால்தான் தூங்குவதில்லை. யாராவது ஒருத்தர், ஒரு ராத்திரி மட்டும், எனக்குப் பதிலாக விழித்திருந்து கதவைப் பார்த்துக்கொண்டால் நான் தூங்கிவிடுவேன்."

டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. என்ன மருந்து வேண்டும் என்பதும் இருந்தது. பியூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "என்ன சொல்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒன்றுமில்லை, ஐயா. உளறல்."

சாயந்தரம் அண்ணன் வேலையிலிருந்து வந்து கேட்டபோது நீங்கள் கடைசியாகப் பேசியதைத் தவிர மற்றதையெல்லாம் நான் சொன்னேன். அவன் அப்பாவிடம் போய் நின்றான். "அவளுக்கு மலாய்தானேப்பா தெரியும்? அதைச் சொல்லியிருக்கலாமே?"

"டாக்டரை விட உனக்கு அதிகமா தெரியுமா? சர்க்காரே கப்பல்ல கூட்டிட்டுப் போகுது. கயிறு இல்லை, போலீஸ் இல்லை. கௌரவமா. இந்த மாதிரி யாருக்குக் கிடைக்கும்?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்தவன் மறுநாள் காலை உங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போக மட்டும்தான் எழுந்தான். அவனை என்ன சொல்வது? உங்களைக் கட்டிக்கொள்வதற்காக ஒரு வருஷம் சண்டை போட்டவன், உங்களை வைத்துக்கொள்வதற்காக ஒரு நாள்கூடப் போடவில்லை.

ஆற்றுமுகத்தில் கப்பலுக்குப் போகும் படகில் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அழவில்லை. உங்கள் சாரோங்கை மூட்டையில் வைத்தேனா என்று கேட்டீர்கள். வைத்திருந்தேன். "ஆடெக், நான் இல்லாதபோது யாராவது தட்டினால் திறந்துவிடு" என்றீர்கள். அப்பா பின்னாலிருந்து, "படகுக்காரன் நிக்கிறான், சீக்கிரம், சீக்கிரம்" என்றார். மலாயில்தான். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு மலாய் வந்தது.

அதன்பிறகு அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொந்த மருமகளையே அனுப்பினேன், மூடநம்பிக்கையை விடுங்கள், முன்னுக்கு வாருங்கள் என்று. காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாகச் சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்ததும் பேச்சை மாற்றினார். சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னார். "போயிட்டாளாம். அங்கேயே எல்லாம் முடிச்சிட்டாங்களாம். அவங்க பக்கத்து ரத்தம் அப்படி, நாம என்ன பண்றது? ரசம் ஊத்து."

காஜா பெராங்கிலிருந்து இப்போது அந்த அறைக்கு யாரும் போவதில்லை. உள்ளே போனால் சிங்கப்பூர் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். பச்சைப் பெஞ்சில் பூனை தூங்குகிறது. சுதேசிகளுக்கு இன்னும் விவரம் போதவில்லை, இன்னும் பெரிய பலகை வைக்கலாம் என்று சர்க்காரில் யோசிக்கிறார்களாம். அதற்கும் தமிழ் வரி எழுத அப்பா தயாராக இருக்கிறார்.

ரசம் ஊற்றிய அந்த நாளிலிருந்து நான் இந்த வீட்டில் தமிழ் பேசுவதில்லை. யோசித்துச் செய்ததல்ல. அவர் ரசம் கேட்டார், நான் வாயைத் திறந்தேன், மலாய்தான் வந்தது. வந்தபின் நன்றாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டேன். தமிழில் கேட்பார், மலாயில் பதில் சொல்வேன். சங்கத்து ஆட்கள் வந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வேன். அடித்தார். கன்னம் வீங்கியது. வீங்கிய கன்னத்தோடு மலாயில், "காப்பியா, தண்ணீரா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அடிக்கவில்லை. என்னை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அடியைவிட அது பயமாக இருக்கிறது, அண்ணி.

இந்த எழுத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தினமும் சாயந்தரம் உட்காரவைத்து அவர் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் இது. பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று விரலில் பிரம்பால் தட்டுவார். பிழையில்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

இன்று உங்கள் அம்மா வீட்டில் நடந்ததை அப்பா அறியார். வரிசையாக இலை போட்டிருந்தது. கடைசியில் உங்கள் இலை. நீங்கள் சம்பாலை விரலால் வழித்துத் தின்பதை உங்கள் அம்மா மறக்கவில்லை, அள்ளி வைத்திருந்தார். உங்கள் இலைக்கு அருகில் இன்னொன்று, என் உள்ளங்கை அகலம் இருக்கும், வாழை நுனியை நறுக்கிப் போட்டிருந்தது. அதில் கொஞ்சம் பால் சோறு, சர்க்கரை. உங்கள் மாமா, "பேரில்லாத பிள்ளைக்கு வழக்கமில்லையே" என்று முனகினார். உங்கள் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "வழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் என் மகளைப் பறிகொடுத்தேன்" என்றார்.

ஆஸ்பத்திரி அறையில் நீங்கள் சொன்னதை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மரத்தடியில் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து உங்கள் அம்மா என் முதுகில் கைவைத்து, "நீ தட்டு" என்றார். மூன்று முறை தட்டினேன். உள்ளே நீங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தால் அவசரப்படக் கூடாதே என்று இடைவெளி விட்டுத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எனக்கு முன்னால் வந்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தார். அப்புறம் அண்ணனிடம் சொன்னார், நான் அங்கே நிற்காத மாதிரி. "இவளுக்கும் அதே வியாதிதான். தமிழ் போயிருச்சு. நாளைக்கு டாக்டர் வர்ற நாள். பொங்கலானாலும் காலையில கூட்டிட்டுப் போறேன்."

"அப்பா..." என்றான் அண்ணன்.

"என்ன அப்பா? முத்துறதுக்கு முன்னாடி காட்டணும். சர்க்கார் எதுக்கு அறை திறந்து வச்சிருக்கு?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆகவே நாளைக்கு அந்தப் பச்சைப் பெஞ்சில் நான் உட்கார வேண்டும். அதே டாக்டர், அதே மூக்குக்கண்ணாடி, "நித்திரை கொள்வதுண்டா?" சிங்கப்பூர்க் கப்பல் கனவில் வருகிறது. தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அப்பாவுக்கும் அது தெரியும், அதற்காகத்தான் மிரட்டுகிறார் என்றுகூடத் தோன்றுகிறது. நான் தமிழ் பேசினால் என் மகள் குணமாகிவிட்டாள் என்று சர்க்காரிடம் சொல்வார். பலகைக்குக் கீழே நிற்கவைத்துக் காட்டுவார். பேசாவிட்டால் நானும் தாய்மொழியை மறந்தவள்.

இரண்டும் வேண்டாம். நான் டாக்டரிடம் இங்கிலீஷில் பேசப் போகிறேன். இப்போது அன்றைக்கு இருந்ததைவிட நிறைய வார்த்தை தெரியும். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் எழுந்து நின்று சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை மொழிபெயர்த்துச் சொல்வேன். கதவு, பிள்ளை, இலை, ஒரு ராத்திரி. உளறல் என்று அவருக்குச் சொன்னது இதுதான் என்று சொல்வேன். பெப்பர்மிண்ட் கொடுத்தாலும் நிறுத்தமாட்டேன். அவர் நம்புவாரோ, என்னையும் கப்பலில் ஏற்றுவாரோ, தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது என்பதாவது அந்த டாக்டருக்குத் தெரியட்டும். சுமந்து சுமந்து எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. இந்தக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் அதற்குத்தான், நாளைக்கு ஒரு வார்த்தைகூடத் தவறக் கூடாது என்று.

அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள். ஒன்று. இடைவெளி. இரண்டு. அப்பா தட்டமாட்டார், தள்ளுவார். மூன்று.

அண்ணன்தான். கத்தவில்லை, மெல்லிய குரலில் கூப்பிடுகிறான். மலாயில் கூப்பிடுகிறான், அண்ணி. ஆடெக், கதவைத் திற என்று மலாயில்...